ஆயிரம் மரக்கன்றும் ஓர் எலுமிச்சம்பழமும்

முள்ளுக்குறிச்சியில் உரக்கடை மாடியில் எங்கள் சேவைக் குழுவின் ஆண்டுத் திட்டக் கூட்டம் நடந்தது. தலைவர் எழுந்து, கொல்லிமலையில் ஆயிரம் மரக்கன்று நடுவதுதான் இந்த ஆண்டு இலக்கு என்று அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம்.

மலைமேல் அரியூர் நாடு என்ற ஊர்த்தொகுதியிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த மிளகு விவசாயி அக்கா சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, காட்டுக்குள்ள கன்னு நட எடம் எங்கீங்க இருக்குது? எங்க ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க சீட்டு வாங்கறதுன்னே தெரியறதில்லீங்க. தொணைக்கு ஒரு ஆளு வந்தாப் போதும்."

"இதை எப்படிங்க போட்டோ எடுக்கறது?" என்று தலைவர் கவலைப்பட்டார். ஆனாலும் எல்லோரும் அக்கா பக்கம் சாய்ந்ததால், மாதம் ஒருவர் துணைக்குப் போவதென்று முடிவானது. முதல் மாதம் என் தலையில் விழுந்தது.

முந்தின நாளே மலையேறித் தங்கி, மறுநாள் காலை கண்ணில் புரை விழுந்த ஒரு பெரியவரோடு பஸ்ஸில் இறங்கினேன். நாலாவது வளைவிலேயே எனக்கு வாந்தி வந்துவிட்டது. அடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை அவர்தான் என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"இந்த எலுமிச்சம்பழத்த மோந்துக்க சாமி. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

மருத்துவமனையில் நான் பெஞ்சில் சுருண்டு கிடக்க, அவரே விசாரித்துச் சீட்டு வாங்கிவந்தார். என் பெயருக்கும் சேர்த்து இரண்டு சீட்டு.

ஒருவர் பத்திரமாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார் என்று மாத அறிக்கையில் எழுதினேன். யார் யாரை அழைத்துப் போனார்கள் என்று தலைவர் கேட்கவில்லை.