குணசீலன் வீட்டு யானை

குழந்தைகளுக்கான கதைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது இன்று என் தொழில். அப்படியொரு தொழில் இருப்பதே தெரியாத எட்டு வயதில் அதைத் தொடங்கிவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். கூலி, ஆளுக்கொரு கடலை உருண்டை.

இரண்டாம் உலக யுத்த காலம். புதுக்கோட்டையில் எங்கள் வீட்டின் முன்கட்டில் என் தாய்மாமா ஓர் அச்சகம் வைத்துச் சிறுவர் பத்திரிகை ஒன்று நடத்திவந்தார். காகிதம் கிடைக்காமல் இதழ் மெலிந்து மெலிந்து கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் மாமா ஒரு வழக்கத்தை விடவில்லை. தபாலில் வந்த கதைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குக் கடலை உருண்டை கொடுத்து உரக்கப் படித்துக் காட்டுவார். நான், நாலு வயதுத் தங்கை, பெரியம்மா பையன்கள் இருவர். நாங்கள் காதைச் சொறிந்தாலும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டாலும் அந்தக் கதை வந்த வழியே திரும்பிப் போய்விடும். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மாமாவுக்கு எங்கள்மேல் கொள்ளைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளத்தூரிலிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். மாமாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஹெட்மாஸ்டர், ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கோட்டில் கரித்தூள் படிந்திருந்தது. அச்சகத்தையே அதட்டி வேலை வாங்கும் மாமா, அவரைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். பெரியவர் ஒரு கதை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

“அடுத்த எதழ்ல போட்டுரு,” என்றார்.

மாமா தாள்களைப் புரட்டினார். அதைப் போட்டால் பாதி இதழ் அதற்கே போய்விடும். போடமாட்டேன் என்று சொல்லவோ அவருக்கு நாக்கு எழாது.

“புள்ளைகளுக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டிருவோம் சார்.”

“தாராளமாப் படி. நல்ல பழக்கம் வரும்.” நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

கதையில் குணசீலன் என்றொரு பையன். விடியுமுன் எழுந்தான். பல் துலக்கினான். பெற்றோரை வணங்கினான். வணங்கிவிட்டுப் பாடம் படித்தான். இரண்டாம் பக்கத்துக்குள் பெரிய அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டான். சின்ன அண்ணன் என் பின்னலைத் தூணில் கட்டிக்கொண்டிருந்தான். மாமா எங்களை ஒரு பார்வை பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குரலை மாற்றாமல் படித்தார்: “அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு யானை வந்து நின்றது.”

ஹெட்மாஸ்டர் கண் திறந்தார். மாமா தலை நிமிரவில்லை. குணசீலன் கைகால் கழுவிக்கொண்டு மறுபடி படிக்க உட்கார்ந்தான். கதை முடிகிற வரை படித்துக்கொண்டேயிருந்தான்.

“இதுலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?” என்று எங்களைக் கேட்டார் ஹெட்மாஸ்டர்.

“ஆனை என்னாச்சு?” என்றாள் தங்கை.

“எந்த ஆனை? நான் ஆனையே எழுதலையே.”

“வந்துச்சே. வாசல்ல நிக்கிது.”

அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா விட்டத்தைப் பார்த்தார். “வாய் தவறி வந்துருச்சு சார்.”

மாமாவுக்கு அடி விழப்போகிறது என்று நினைத்து நான் சுவரோரமாக ஒதுங்கினேன். தங்கை ஒதுங்கவில்லை. ஹெட்மாஸ்டரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “பாவம், பசியோட நிக்கிது,” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பசியோடயா நிக்கிது? என்ன குடுக்கலாம்?” என்றார்.

மடை திறந்துவிட்டது. வாழைத்தார் என்றான் பெரியவன். பல்லவன் குளத்துத் தண்ணி மொத்தமும் வேணும் என்றான் சின்னவன். குணசீலனின் பாடப்புத்தகத்தைத் தின்னட்டும் என்றேன் நான். ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். மாமாவின் பென்சிலை வாங்கி எழுத ஆரம்பித்தார். எழுதியதைப் படித்துக் காட்டும்போது ஓரிடத்தில் பிளிறியும் காட்டினார். அச்சுக் கோப்பவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். காப்பி கொண்டுவந்த அம்மா, டம்ளரும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டாள்.

“அப்ப, நீதி?” என்று தங்கையைக் கேட்டார் ஹெட்மாஸ்டர்.

“அதையும் ஆனை தின்னுருச்சு.”

அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மாமா தண்ணீருக்கு ஓடினார். அடுத்த இதழில் கதை இரண்டே பக்கத்தில் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வாரக்கணக்கில் பிளிறல்தான்.

அன்று சாயங்காலம் அவரை வழியனுப்ப மாமாவுடன் நானும் போனேன். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

“இத்தன வருசம் வகுப்பெடுத்துருக்கேன். ஒருத்தன்கூட எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்லப்பா.”

மாமா அவர் குடையை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டாகிவிட்டது. திரும்பி வரும் வழியில், “யாருக்கும் சந்தேகமே வராத அளவுக்கு நல்லாச் சொல்லிக் குடுப்பாங்களா மாமா?” என்று கேட்டேன்.

மாமா கையிலிருந்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“ஆமாத்தா,” என்றார்.