தாய்மாமனை அழைக்கப் பச்சை ஜீப்பில் மலையேறிய படலம்

சோழன் கடாரம் வந்து போன பிறகு இந்த மலாயாத் தீபகற்பத்தில் நடந்த ஆகப் பெரிய படையெடுப்பு, போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 6.40-க்குத் தெலுக் இந்தானில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டது. படைபலம்: நான், என் மனைவி சரோஜா, ஒரு தாம்பூலத் தட்டு, ஒரு பழைய ஜீப்பு. எங்கள் ஊர் சாய்ந்த கோபுரம், இந்த ஜீப்பைப் பார்ப்பதற்காக ஒரு நிமிடம் நேராக நிமிர்ந்து நின்றது. நம்பாதவர்கள் கோபுரத்தையே கேட்டுக்கொள்ளலாம்.

காரணம் சொல்கிறேன். மறுநாள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் மகள் கவிதாவின் கல்யாணப் பந்தக்கால். எங்கள் வழக்கப்படி முதல் கம்பைத் தாய்மாமன்தான் நட வேண்டும். சரோஜாவின் அண்ணன் ஆறுமுகம், கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். வயது அறுபத்தேழு. முப்பது வருடம் தோட்டத்து டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர். அவரைத் தட்டு வைத்து அழைத்துக் கையோடு கூட்டி வர வேண்டும். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். "எங்கண்ணன் கை வைக்காம எம்பொண்ணு கல்யாணத்துல ஒரு குச்சிகூட நடக்கூடாது" என்று சரோஜா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் கெஜட்டில் வந்த மாதிரி.

இனி கதாநாயகி. இரண்டு வருடத்துக்கு முன் பீடோரில் ஒரு டுரியான் தோப்பில் இவளைக் கண்டெடுத்தேன். உள்ளே பதினாறு கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மாற்று வீடு கட்டிக் கொடுத்த பிறகே தோப்புக்காரர் கையெழுத்துப் போட்டார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டந்தோட்டமாக ஓடிய அதே ரகம். துருவைச் சுரண்டியதில் வந்த குப்பையில் இன்னொரு ஜீப்பு செய்திருக்கலாம்.

என் அரண்மனைத் தச்சரான தாப்பா ஊர் மெக்கானிக்கும் நானும் சேர்ந்து இவளுக்குப் புது உயிர் கொடுத்தோம். ஜப்பான் டீசல் எஞ்சின். பவர் ஸ்டீரிங். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஏர்கோன். பின்னால் பார்க்கக் கேமரா. முன்சீட்டு இரண்டுக்கும் தோல் உறை, அதற்கடியில் சூடு பண்ணும் கம்பி. தெலுக் இந்தானில் சீட்டுக்கு எதற்குச் சூடு என்று கேட்காதீர்கள். அரசர்களுக்கு அடுப்பும் தேவை, விசிறியும் தேவை. ஆனால் வெளித்தோற்றம் மட்டும் அச்சு அசல் பழசு: கரும்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. ஹாரன்கூட அந்தக் காலத்து ஹாரனேதான். எட்டு மாதம் அலைந்து ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். அமுக்கினால் எருமைக்கு ஏப்பம் வந்த மாதிரி இரண்டு கட்டையில் பேசும்.

பெயிண்ட் அடித்த அன்று சரோஜா பார்த்துவிட்டு, "வேற கலரே கெடைக்கலயாங்க?" என்றாள். ரசனை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் தோட்டத்தில் பிறந்தவள், நான் டவுன்காரன். அந்தக் கேள்வியை அங்கேயே நிறுத்தி விசாரித்திருக்க வேண்டும்.

சரி, சாலை. தெலுக் இந்தானிலிருந்து தாப்பா நாற்பது கிலோமீட்டர் சொச்சம்; 7.35-க்குச் சேர்ந்தோம். டீசல் நிரப்ப 120 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். ரொட்டி சானாய் நாலு, தே தாரிக் என்கிற ஆற்றிய டீ இரண்டு, 13 வெள்ளி. தாப்பாவிலிருந்து ரிங்லெட் நாற்பத்தைந்து கிலோமீட்டர், முழுக்க வளைவு. சாலை போட்டவர் பாம்பை ஓடவிட்டுப் பின்னாலேயே தார் ஊற்றியிருக்கிறார். 8.50-க்கு லாத்தா இஸ்கந்தர் அருவியில் நிறுத்தினோம். மூன்று குடும்பங்கள் ஜீப்போடு படம் எடுத்துக்கொண்டன. நான் எல்லாப் படத்திலும் தற்செயலாக நிற்கிறேன்.

10.25-க்கு ரிங்லெட். மார்க்கெட்டில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கித் தட்டை நிரப்பினோம். அணைக்கட்டு ஏரியைத் தாண்டி, இடது கைப்பக்கம் தோட்டத்துப் பாதை பிரிகிறது. ஐந்து கிலோமீட்டர், ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் தேயிலை, யாரோ மலைக்குச் சீப்பு போட்டு வாரிவிட்ட மாதிரி. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வரும் காய்கறி லாரியோடு சம்பந்தி ஆகிவிடுவோம். அடித்தேன். மலையே எழுந்து உட்கார்ந்தது.

லயத்துக்கு முந்தின வளைவு. ஹாரனை அமுக்கித் திரும்பினேன். சாலையில் நடந்து வந்துகொண்டிருந்த ஒரு மனுஷர் சட்டென்று ஓரத்துக் கான் வாய்க்காலுக்குள் இறங்கினார். கணுக்கால் வரை தண்ணீர். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம். இன்னொரு கையால் தலைக் குல்லாவைக் கழற்றி மார்போடு வைத்து, தரையைப் பார்த்து நின்றார். பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

என் மச்சான் ஆறுமுகம்.

நான் வழக்கம்போலக் கத்தினேன்: "என்ன மச்சான், எனக்கு இவ்வளவு மரியாதையா?"

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். குல்லாவை மாட்டிக்கொண்டு, கானிலிருந்து ஏறி, சளக் சளக் என்று லயத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் சரோஜா. அவள் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. மீதியை எனக்கு அப்போதுதான் சொன்னாள். துரை ஜீப்பு வரும்போது தோட்டத்து ஜனங்கள் சாலையில் நிற்கக் கூடாது. கானில் இறங்கித் தலைத்துணியை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். ஒருநாள் பன்னிரண்டு வயது ஆறுமுகம் இறங்காமல் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். அதற்குத் தண்டனையாக அப்பாவுக்கு மூன்று நாள் வேலை இல்லை. "அதே பச்ச, அதே வெள்ளக் கூர, அதே சத்தம். அம்பது வருசம் ஆச்சு, அது ஒழிஞ்சி. நீங்க தேடித் தேடி வாங்குனீங்க."

எட்டு மாதம் அலைந்து வாங்கியவன், ஹாரனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மச்சான் ஈரக் காலைத் துடைத்துவிட்டு நாற்காலியில் இருந்தார். சரோஜாவின் அண்ணி டீ போட்டார்கள், எங்களை மட்டும் பார்த்துச் சிரித்தார்கள். தட்டை வைத்தோம். எடுத்துக்கொண்டார். சரோஜா தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். எல்லாம் முறைப்படி.

"கெளம்புவோமாண்ணே? காலையில ஏழு மணிக்கு நேரம்."

"நான் வரலம்மா."

"அண்ணே!"

"அந்த வண்டியில ஏற மாட்டேன். இனிமே தானா ராத்தா டவுனுக்குப் போயி, பஸ்ஸப் புடிச்சி, எப்ப வந்து சேர்றது? உன் வீட்டுக்காரரே நடட்டும். பெரிய ஆளுதானே."

"ரோசத்தப் பாரு, அம்பது வருசத்துக்கு முன்னாடி செத்த வண்டிகிட்ட" என்றார்கள் அண்ணி.

"நீ சும்மா இரு லா. காலு தானா எறங்குது. நான் எறக்கல. அதுவா எறங்குது. அத நெனச்சாத்தான்..." என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரோஜா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருட வாழ்க்கையில் அவள் அழுது நான் பார்த்தது இரண்டு தடவை. மூன்றாவது தடவை வரப் போகிறது என்று தெரிந்தது.

சாவியை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன். "மச்சான், தெரியாமப் பண்ணிட்டேன். வண்டி இங்கயே கெடக்கட்டும், மறுபடி கோழி குடி வரட்டும். கீழ வேன் புடிச்சிப் போலாம். அதுக்கு முன்னாடி அந்த ஹாரன மட்டும் இப்பவே பிடுங்கிப் போட்டுட்டு வந்துடறேன்."

எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன்.

"இரு மாப்ள."

திரும்பினேன். சாவியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அதக் கழட்டாத. நான் ஒருக்கா அமுக்கிக்கறேன்." சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, "கியர் எத்தன?"

"அஞ்சு. ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி இருக்கும், மெல்லத் திருப்புங்க."

கேட்பாரா? டிராக்டர் கை. முதல் வளைவிலேயே முழு பலத்தோடு திருப்பி, ஜீப்பு தேயிலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. "என்னடா இது, மூச்சு விட்டா திரும்புது!" என்றார். பக்கத்தில் சரோஜா, சூடேறும் சீட்டில் மகாராணி மாதிரி. நான் பின்னால்.

இங்கே ஒரு உண்மையைப் பதிவு செய்கிறேன். இரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூட இந்த ஜீப்பின் பின்னால் உட்கார்ந்ததில்லை. நான் செய்த அத்தனை சௌகரியமும் முன்சீட்டோடு நின்றுவிட்டது. பின்னால் ஏர்கோன் எட்டாது. இரண்டு பக்கமும் பழைய பலகை. அதில் தெரிந்தது எனக்கு எத்தனை எலும்பு என்று; டாக்டர்கள் சொல்லும் கணக்கு தப்பு, இன்னும் நாற்பது இருக்கிறது.

மச்சான் கீழே போகவில்லை. மேலே ஏறினார். தோட்டத்து உச்சியில் பழைய துரை பங்களா. இப்போது அது டூரிஸ்ட்டுகள் வந்து டீ குடிக்கும் இடம், வெள்ளைக் குடைகள், பூந்தொட்டிகள். முன் கேட் வழியாக நேராகப் போய், படிக்கட்டுக்கு எதிரே போர்டிகோவில் நிறுத்தினார். "அப்பா இங்க காய்கறி கொண்டாந்து குடுப்பாரு. பின்பக்கமா" என்று சரோஜாவிடம் சொன்னார். பிறகு உள்ளங்கையை ஹாரனில் வைத்து அமுக்கினார்.

கால் நிமிடம் கையை எடுக்கவே இல்லை. கப்புகள் தட்டில் ஆடின, குடைகள் நிமிர்ந்தன, எதிர்மலையில் கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரிகள் பழுத்து உதிர்ந்திருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எங்கேயும் இறங்கவில்லை. ஒரு சின்னக் குழந்தை கை தட்டியது.

பரிமாறும் பெண் ஓடி வந்து மெனு அட்டையை நீட்டினாள். வண்டிக்கும் பங்களாவுக்கும் அவர்தான் முதலாளி என்று நினைத்திருக்க வேண்டும்.

"டீ எவ்ளோம்மா?"

"ஒரு பாட் பதினாலு வெள்ளி, அங்கிள்."

"தூளு கீழ நம்ம பேக்டரி தூளுதானே?"

"ஆமா அங்கிள்."

"அப்ப வீட்டுலயே குடிச்சிக்கறேன்." என்னைப் பார்த்துத் திரும்பினார். "மாப்ள, இப்பக் கழட்டு."

பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு போல்ட்டு, ஒரு ஒயர். எட்டு மாதம் தேடியது நாலு நிமிடத்தில் கையில் வந்துவிட்டது. அவர் அதை வாங்கிப் படியோரத்துப் பூந்தொட்டியில் செடிக்கடியில் வைத்தார். "அவங்க சாமான், அவங்ககிட்டயே இருக்கட்டும்." இறங்கும்போது அவர் விசில் அடித்தார்.

பிறகுதான் உரைத்தது: அந்த மலையில் ஹாரன் இல்லாமல் எப்படி இறங்குவது? சனிக்கிழமை மத்தியானம், ரிங்லெட்டில் ஒயர் வேலைக்காரர் ஊரில் இல்லை. ஆகவே 1.15 முதல் தாப்பா வரை, வளைவுக்கு வளைவு, பின்பக்கக் கண்ணாடியை நகர்த்தி நானே ஹாரன் ஆனேன். "வண்டி வருதூ! லோரி, ஹாத்தி ஹாத்தி!" மலாயில் அதற்கு ஜாக்கிரதை என்று பொருள். மச்சான் முன்னாலிருந்து அதிகாரம் செய்தார்: "சத்தம் பத்தல மாப்ள. ரெண்டு கட்டையில வரணும்." எதிரே வந்த காய்கறி லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். லயத்து முக்கில் ஒருமுறை, அருவிக்கு முன்னால் ஒருமுறை, கையைக் காட்டியவர்களையெல்லாம் மச்சான் ஏற்றிக்கொண்டார். தாப்பா பஸ் ஸ்டாண்டில் எண்ணினேன், பின்னால் என்னோடு எட்டுப் பேர், ஒரு மூட்டை முட்டைக்கோசு. எட்டுப் பேரும் சேர்ந்து கத்தியதால் கடைசிப் பத்து கிலோமீட்டர் பாதுகாப்பாகக் கழிந்தது. தாப்பாவில் ஒரு சாதாரண ஹாரன், 35 வெள்ளி, மாட்டும் கூலி 10. பீப் என்கிறது. போதும்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழுக்குள் தாப்பாவைத் தாண்டிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் லாரியும் டூரிஸ்ட் பஸ்ஸும் சேர்ந்துவிடும். தோட்டத்துப் பாதையில் இரண்டாவது கியர், ஏறினாலும் இறங்கினாலும். மத்தியானம் இரண்டுக்கு மேல் மழை நிச்சயம். பழைய வண்டி புதுப்பிக்கிறீர்கள் என்றால் எஞ்சினைப் பிறகு பாருங்கள், முதலில் பின்பலகையில் உட்கார்ந்து ஐம்பது கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். எங்கள் ஜீப்புக்குப் பின்னால் மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறேன். கலரை என்ன செய்வது என்று மச்சானைக் கேட்டேன். "மஞ்ச அடி. கல்யாண வீட்டு வண்டி" என்றார். அடிக்கப் போகிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கம்பை நட்டார். கேட்டிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வீட்டுக்காரன் நான்தான் வரவேற்க வேண்டும். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, மலையில் கத்தியதில் தொண்டை போயிருந்தது. கை கூப்பி நின்றேன். பக்கத்தில் நின்று, ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, தெருமுனை வரை கேட்கும்படி, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டவர் ஆறுமுகம்தான்.