அந்தப் பக்கம் திரும்பு

“அந்தப் பக்கம் திரும்பு” என்கிறார் லிஃப்ட் மெக்கானிக். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். முதுகுக்குப் பின்னால் கீபோர்டு தடதடக்கிறது. சுவரில் முன்பு எதையோ மாட்டியிருந்த ஆணி ஓட்டை ஒன்று உண்டு. தினமும் அதையே பார்த்துப் பார்த்து அந்த ஓட்டை அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. “ம், திரும்பலாம்” என்று உத்தரவு வந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைக் காட்ட வேண்டும்.

மனிதருக்கு எதையும் பூட்டினால் போதாது, இழுத்துப் பார்க்க வேண்டும். வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படியிறங்கித் தெருவுக்குப் போன பிறகு திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். காரணம் கேட்டால், “தொங்குற பெட்டிக்குள்ள பத்து பேர் நிக்கிறாங்க. சும்மாவா?” என்பார். வீட்டுக் கதவுக்கும் தொங்குகிற பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதை மனைவி எப்போதோ விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். இதைவிடப் பிடிவாதமான நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பழகியவள்.

எதிர்வீட்டுக்காரரின் மெயிலுக்குள் எவனோ புகுந்து கலாட்டா செய்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. கடவுச்சொற்களையெல்லாம் தானே உருவாக்கித் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருளை லிஃப்ட் மெக்கானிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘லாக்கர்’. “இனிமே ஒரே ஒரு பாஸ்வேர்டை ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். லாக்கர் திறந்துடும், மத்தது எல்லாம் உள்ள இருக்கு” என்றார். அந்த ஒன்றைத் தான் மட்டுமே ஞாபகம் வைத்துக்கொள்ளப் போவதாக அப்போது சொல்லவில்லை.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலுள்ள அத்தனை கணக்குகளின் கடவுச்சொற்களும் மாறின. நர்ஸ் பதிவுக்கான அவளுடைய கணக்கும் தப்பவில்லை. “நீ வச்சிருந்ததை ஒரு கொசு நெனைச்சா திறந்துடும்” என்றார். லாக்கர் கொடுத்த புதியது, கீபோர்டு மேல் பூனை நடந்துபோன மாதிரி இருந்தது. ஃபோன் தொலைந்தால் என்ன ஆகும் என்று அவளுடைய ஃபோனிலிருந்து மெயிலையும் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு, தன் டூட்டி நேரத்தைப் பார்க்கக்கூட அவள் ஆணி ஓட்டையைத் தரிசித்தாக வேண்டியிருந்தது.

அவர்களுக்குள் வேறு பெரிய சண்டை கிடையாது, ஒன்றைத் தவிர. அவள் குறட்டை விடுகிறாள் என்பது அவர் கட்சி. இல்லவே இல்லை, அது ஃபேன் சத்தம் என்பது அவள் கட்சி. “பேரிங் சத்தம் எதுன்னு எனக்கே சொல்லித் தர்றியா?” என்று அவர் கேட்டதும், “லிஃப்ட் பேரிங் வேற, ஃபேன் பேரிங் வேற” என்று அவள் அடித்துச் சொன்னதும், கல்யாணமான புதிதில். வழக்கு இன்னும் முடியவில்லை.

போன சனிக்கிழமை, தகர டப்பாவின் மூடியைத் திறக்கிறேன் பேர்வழி என்று வலது கையின் மூன்று விரல்களைக் கிழித்துக்கொண்டார். அவள்தான் கட்டுப் போட்டாள். கட்டுப் போட்டு முடிக்கும்போதே சொன்னாள்:

“லாக்கரைத் திறங்க. என் பதிவைப் புதுப்பிக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். இல்லன்னா திங்கட்கிழமை என்னை வார்டுக்குள்ள விடமாட்டாங்க.”

“இத்தனை நாள் என்ன பண்ணினே?”

“மூணு தடவை கேட்டேன். லிஃப்ட் நின்னு போச்சுன்னு மூணு தடவையும் ஓடினீங்க.”

அவள் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். தடதட சத்தம் வரவில்லை. சொத், சொத்தென்று வந்தது. பிறகு ஒரு முனகல். கட்டுப் போட்ட விரல் ஒரு தடவைக்கு இரண்டு பட்டன்களை அமுக்கியது. இடது கையால் அடித்தார், அதுவும் தப்பு. இன்னொரு தடவை தப்பானால் ஒருநாள் முழுக்கத் திறக்க மாட்டேன் என்று லாக்கர் எச்சரித்தது.

“சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

“அது என் கைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது.”

“கை என்ன, பக்கத்து வீட்டுதா?”

“நிஜமாத்தான். யோசிச்சா வரமாட்டேங்குது.”

“யார் பேரு?”

“பேரெல்லாம் இல்ல.”

“அப்புறம் சொல்றதுக்கு என்ன?”

அவர் கூரையைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். ஒரு லிஃப்ட்டாவது எங்கேயாவது நின்றுபோய் யாராவது கூப்பிட மாட்டார்களா என்பது போல ஃபோனையும் பார்த்தார். ஃபோன் சும்மா கிடந்தது.

“மறக்கவே மறக்காத ஒரு வாக்கியமா வைன்னு லாக்கர்தான் சொல்லுச்சு” என்றார். “அந்த நேரத்துல எனக்கு வேற எதுவும் தோணல.”

“என் வேலை போயிடும். சொல்லுங்க.”

“பெரிய கே.” இறங்கிய குரலில் ஆரம்பித்தார். “யூ. ஆர். ஏ. டி. இன்னொரு டி. ஏ. ஐ.”

அவள் விரல் நின்றது. குறட்டை. திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. ஆனாலும் அந்தப் புள்ளிகளையே முறைத்துப் பார்த்தாள்.

“மேல சொல்லுங்க.”

‘விடறது அவதான், ஃபேன் இல்ல’ என்று மீதி வாக்கியம் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாக அவள் அடித்தாள். தன்மேல் போட்ட குற்றச்சாட்டைத் தன் கையாலேயே எழுதிக்கொடுப்பவள் போல உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“கடைசில ஆச்சரியக்குறி.”

“அது வேறயா?”

“ஒரு குறியாவது வேணும்னு கேட்டுச்சு.”

லாக்கர் திறந்தது. அவள் தன் கணக்குக்குள் போனாள், கேட்டதையெல்லாம் நிரப்பினாள், பதிவு புதுப்பிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்ததும் மூச்சு விட்டாள்.

“முடிஞ்சுதுல்ல? மூடிடு” என்றார் அவர், நாற்காலியின் நுனியிலிருந்து.

அவள் மூடவில்லை. லாக்கரின் ஓரத்தில் இருந்த சக்கரப் படத்தை அமுக்கி, கடவுச்சொல்லை மாற்று என்ற வரிக்குப் போனாள். பழையதை அவளே அடித்தாள், ஆச்சரியக்குறி உட்பட. புதியதைக் கேட்டு ஒரு வெற்றுக் கட்டம் வந்தது.

விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தபடி அவரைப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம் திரும்புங்க.”

லிஃப்ட் மெக்கானிக் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, ஆணி ஓட்டைக்கு நேரே போய் நின்றார்.