திருத்தம்: கைனோ ஒரு பெண்

ஒருவர் பெண்ணாக இருப்பதற்குப் பத்திரிகை எதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டும்?

எங்கள் ஊர் கூசிலாவின் பெட்ரோல் பங்க் காப்பிக்கடையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை முழுக்க இதே பேச்சுதான்.

"இங்க பாருய்யா. 'கைனோ லெஹ்தோவாரா ஆண் அல்ல, பெண். தவறுக்கு வருந்துகிறோம்'னு போட்டிருக்காங்க."

"வருந்தறது பத்திரிகையா, கைனோவா?"

"பொண்ணாப் பொறந்ததுக்கு அவங்க வீட்லகூட இப்படி வருந்தியிருக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். பள்ளியை முடித்த கோடை அது. அந்தத் திருத்தம் ஏன் வந்தது என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு அலைந்து விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கைனோ எங்கள் ஊர்க்காரர். நிலவியல் துறையில் வரைபடம் வரைகிற வேலை. ஒரு காலத்தில் எங்கள் நாட்டையே மூடியிருந்த பனிப்பாளம் உருகி வடக்கே பின்வாங்கியபோது, அதற்கு அடியில் ஓடிய ஆறுகள் மணலையும் கூழாங்கல்லையும் நீளநீளமான மேடுகளாக விட்டுப்போயின. அந்த மேடுகளின் மேல்தான் நாங்கள் சாலை போட்டோம், தேவாலயம் கட்டினோம், செத்தவர்களைப் புதைத்தோம். மேட்டின் வயிற்றில் ஊறுகிற தண்ணீரைத்தான் குடித்தோம். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் மேடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முதலில் பார்ப்பார் கைனோ. பிறகு ரப்பர் பூட்ஸும் கொசுவலைத் தொப்பியுமாகக் காட்டுக்குள் போய், கையால் திருகி இறக்கும் இரும்புத் துளைக்கோலால் மண்ணைக் குத்திப் பார்த்துக் கோட்டைத் திருத்துவார். அவர் வரைந்த படங்கள் பத்திரிகையில் வரும். பக்கத்தில் கருத்துச் சொல்வது மட்டும் எப்போதும் பேராசிரியர் ஆர்மாஸ்.

எங்கள் ஊர்க் கிணறு ஒரு மேட்டில் இருக்கிறது. நடுவில் ஒரு சதுப்பு. சதுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு மேடு. பழைய வரைபடத்தில் அவை இரண்டும் தனித்தனி. அந்த இன்னொரு மேட்டைத் தோண்டி ஜல்லி எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அந்த வசந்தத்தில் கைனோ சதுப்பின் நடுவே துளைக்கோலை இறக்கியபோது கறுத்த சேற்றுக்குக் கீழே உருண்டைக் கற்கள் வந்தன. அடுத்து குத்திய இடத்திலும் வந்தன. இரண்டும் ஒரே மேடு. சதுப்பு அதன் முதுகில் போட்ட போர்வை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் தோண்டினால் இந்தப் பக்கம் கிணறு போய்விடும்.

ஊர் மன்றத்துக்கு எழுதினார். "உங்க புது வரைபடம் இன்னும் அச்சாகலையே. எங்களுக்குப் பழசுதான் கணக்கு" என்று பதில் வந்தது. அடுத்த செவ்வாய் மாலை வாக்கெடுப்பு. அதற்குள் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றால் பத்திரிகை ஒன்றுதான் வழி.

தற்செயலாக வழியும் திறந்தது. வட்டாரப் பத்திரிகையின் இளம் நிருபர் யல்மாரி ஜல்லி அனுமதி பற்றிக் கேட்க வழக்கம்போல ஆர்மாஸைக் கூப்பிட்டிருக்கிறான். அவர் கேனரித் தீவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். "கைனோவைக் கேளுப்பா, அந்த மேடெல்லாம் கைனோவுக்குத்தான் அத்துப்படி" என்று சொல்லிவிட்டார்.

யல்மாரி தயங்கித் தயங்கித்தான் போன் செய்தான். "நிபுணர்னு பொண்ணுங்களைக் கூப்பிட்டா, வேற யாரையாவது கேளுங்கன்னு வச்சிடறாங்க. நீங்களும் அப்படித்தானா?"

"என் பேருக்கே கூச்சம்னுதான் அர்த்தம். இருந்தாலும் பேசறேன். எழுதிக்கோ."

அவன் ஒழுங்காகத்தான் எழுதினான். எழுதிக் கொடுத்துவிட்டு ஏரிக்கரைக் குடிலுக்குப் போய், போனைச் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டுச் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்துவிட்டான்.

செய்தி ஆசிரியர் ஹெல்லெவி நல்ல பெண்மணி. பத்திரிகையில் கருத்துச் சொல்பவர்கள் எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, பாதிக்குப் பாதி பெண்கள் வர வேண்டும் என்று விதி கொண்டுவந்தவர் அவர்தான். யார் யாரைக் கேட்டார்கள், அதில் ஆண்கள் யார், பெண்கள் யார் என்று பக்கத்தின் அடியில் ஒரு பட்டியலும் அச்சாகும். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் ஆண்கள் அதிகம், இடமும் குறைவு. ஓர் ஆணை நீக்கியாக வேண்டும். எங்கள் ஃபின்னிஷ் மொழியில் அவன், அவள் என்ற பிரிவு கிடையாது, எல்லோருக்கும் ஒரே சொல். கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் கைனோ ஆணா பெண்ணா என்று தெரியாது. யல்மாரியும் போனை எடுக்கவில்லை. பெயர் இரு பாலுக்கும் வைப்பது. ஹெல்லெவியின் பெரியப்பா பெயரும் கைனோ. ஆண் என்று முடிவு செய்து கைனோவை நீக்கிவிட்டார். பக்கத்தில் மிஞ்சியது ஜல்லிக் கம்பெனியின் பெண் சுற்றுச்சூழல் அதிகாரி சனெல்மா. "இரண்டும் தனித்தனி மேடுகள். கிணற்றுக்கு ஒரு ஆபத்தும் இல்லை" என்று அவர் சொன்னது படத்தோடு வந்தது.

திங்கட்கிழமை யல்மாரி வந்து தலையில் அடித்துக்கொண்டான். ஹெல்லெவியே கைனோவுக்குப் போன் செய்தார்.

"ரொம்ப மன்னிச்சுக்கணும். உங்களை ஆம்பளைன்னு நெனச்சுட்டேன்."

"சரி, ஆம்பளைன்னே வச்சுக்கங்க. அந்த மேடு?"

"அடியில வர்ற பட்டியல்ல உங்களை ஆண்கள் கணக்குல சேர்த்துட்டோம். நாளைக்கே திருத்தம் போட்டுடறோம்."

"நான் சொன்னதைப் போடுவீங்களா?"

"நாங்க தப்பாப் போட்டதைத்தான் திருத்த முடியும். நீங்க சொன்னது வரவே இல்லையே, அதுல தப்பு எங்க இருக்கு? ஜல்லி விஷயத்தையும் சனிக்கிழமையே போட்டு முடிச்சாச்சு. வர்ற மாசம் பெண் நிபுணர்களைப் பத்தி ஒரு பெரிய பக்கம் வருது, அதுல உங்களை..."

"இருபது வருஷம் பொம்பளைன்னு கேட்காம விட்டீங்க. ஒரு நாள் ஆம்பளைன்னு விட்டீங்க. வாக்கெடுப்பு நாளைக்கு."

கைனோ போனை வைத்துவிட்டார். அந்தப் பெரிய பக்கத்துக்கு அவர் பேசவில்லை. அழைத்தும் மறுத்த பெண்களின் எண்ணிக்கையில் அவரும் சேர்ந்துகொண்டார் என்று யல்மாரி பின்னால் சொன்னான்.

செவ்வாய் மாலை கைனோ துளைக்கோலில் வந்த கற்களை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மன்றக் கூட்டத்துக்குப் போனார். பார்வையாளர்கள் பேச அனுமதி இல்லை. இடைவேளையில் ஏலக்காய் ரொட்டித் தட்டோடு ஓர் உறுப்பினர் பக்கத்தில் வந்து, "கைனோ, நீ பொண்ணுதான்னு இன்னிக்கு உறுதியாயிடுச்சு போல" என்று சிரித்தார். கைனோ டப்பாவைத் திறந்து காட்டினார். "அழகான கல்லு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அனுமதி நிறைவேறியது.

அடுத்த கோடையே தோண்டத் தொடங்கினார்கள். அதற்கடுத்த கோடையில் கிணற்று நீர் கலங்கியது, பிறகு இறங்கியது. இப்போது பக்கத்து ஊரிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. காப்பிக்கடையில் அதன் குளோரின் வாடையைத் திட்டுவார்கள். மேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கைனோவிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அவருடைய புது வரைபடம் கடைசியில் அச்சானது. கிணற்றிலிருந்து சதுப்புக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வரை ஒரே பழுப்புக் கோடு. அச்சாகி வந்தபோது அதில் பாதி மேடு தரையில் இல்லை. இல்லாத இடத்தைப் பள்ளம் என்று குறிக்க வேண்டியதும் அவர் வேலைதான். வருஷாவருஷம் வசந்தத்தில் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு போய், குழி எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து, தான் வரைந்த கோட்டைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வருகிறார். ஒருமுறை நானும் கூடப் போனேன். "எதுக்கு இன்னும் செய்யறீங்க?" என்று கேட்டேன். "வரைபடம் பொய் சொல்லக்கூடாதில்ல" என்றார்.

படித்தவர்கள் இதை இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கைனோ ஒரு பெண் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைப் பத்திரிகையே சொல்லிவிட்டது. அந்த இரண்டும் ஒரே மேடு என்று அவர் சொன்னார், அதையும் சொல்லுங்கள்.