வானத்தில் வீங்கிய கால்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் தீர்த்தகிரியின் பட்டறை சின்னது, பேர் மட்டும் பெரியது. அவர் கட்டிய பாடியில் சர்க்கரை மூட்டை ஏற்றி அடைமழையில் அசாம் வரை போனாலும், மூட்டைக்குள் இருக்கும் எறும்புக்குக்கூடச் சளி பிடிக்காது என்பார்கள். அவர் கட்டிய லாரி ஒன்று பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்ததாம். டிரைவர் உள்ளே உட்கார்ந்தபடியே மிதந்து கரை சேர்ந்து, இறங்கியதும் பீடி பற்ற வைத்தாராம், தீப்பெட்டி நனையவில்லையாம். திருச்செங்கோட்டுப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். தீர்த்தகிரி அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த மனிதருக்குப் பொறுக்காத ஒன்று உண்டென்றால் அது விரிசல். தன் வண்டி, அடுத்தவன் வண்டி என்ற பேதம் கிடையாது. கல்யாண மண்டபத்துத் தூணில் ஒரு கீறலைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பந்தியில் சோறு இறங்காது. மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்சுவரில் பட்டி பூசிக்கொண்டிருந்தவர் அவர். மனைவி ஆராயிக்கு இதில் வெட்கமும் உண்டு, உள்ளூரப் பெருமையும் உண்டு. அவர் அடைத்தது எதுவும் மறுபடி திறந்துகொண்டதாக அவளுக்கு நினைவில்லை.

அந்த நம்பிக்கைதான் பின்னால் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

மகள் ரஞ்சிதா டொராண்டோவில் நிறைமாதமாக இருந்தாள். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. பொடி இடித்தாயிற்று, பிள்ளைக்கு வசம்புகூட வாங்கியாயிற்று. அந்தச் சமயம் பார்த்துத்தான் தார்ப்பாய்க் கொக்கியைச் சரிபார்க்கப் பாடி மேல் ஏறிய தீர்த்தகிரி வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் டாக்டர் அருணகிரி மாவுக்கட்டுப் போட்டு, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றார்.

“நான் மட்டும் போயிட்டு வாரனுங்க. நீங்க ஊட்ல காலை நீட்டி இருங்க” என்றாள் ஆராயி.

“நீயா? ராசிபுரம் பஸ்ஸுன்னு சொல்லிப் பரமத்தி பஸ்ஸுல ஏறி உக்காந்தவ நீ. லண்டன்ல எறங்கி வேற பிளேன்ல ஏறுவியா? புள்ள டொராண்டோவுல காத்திருப்பா, நீ எந்தப் பாலைவனத்துலயாவது வசம்பு வித்துக்கிட்டு இருப்ப.”

அவரும் கூடப் போவது என்று முடிவானபின் டாக்டரும் ஒத்துக்கொண்டார். கால் நீட்ட இடமுள்ள முன் வரிசையில், வழியோரத்து இருக்கை. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி. ரத்தம் உறையாமலிருக்க ஊசி. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவரை வரச்சொல்லி, மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை இரண்டு பக்கமும் ரம்பத்தால் பிளந்துவிட்டார். பிளந்ததன் மேல் மெத்தென்ற துணிப்பட்டையைச் சுற்றினார்.

“உங்க காலுக்கு இன்னும் வீக்கம் வடியல. பறக்கும்போது இன்னும் வீங்கும். வீங்கறதுக்கு இடம் வேணும், அதுக்குத்தான் இந்தப் பிளவு. யாரும் இதுல கை வைக்கக் கூடாது.”

தீர்த்தகிரி தலையை ஆட்டினார். ஆராயி அவர் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் டாக்டர் முகத்தில் இல்லை. துணிக்கு அடியில் ஓடும் கோட்டிலேயே இருந்தது. காரில் மல்லூர் தாண்டியும் அந்தத் துணியைத்தான் தடவிக்கொண்டிருந்தார், ராசிபுரம் தாண்டியும் தடவிக்கொண்டிருந்தார். நாமக்கல் எல்லைக்கு வந்ததும், “வண்டியைப் பட்டறைக்கு உடு” என்றார்.

பட்டறையில் பைபர் வேலை பார்க்கும் மணியன் விஷயத்தைக் கேட்டதும் இரண்டு அடி பின்வாங்கினான். “வேண்டாமுங்ணா. டாக்டர் எதுக்கோ அறுத்து உட்டிருக்காரு.”

“அவரு எலும்பு படிச்சவருடா. பாடி கட்டறவன் நானு. ரெண்டாப் பொளந்த பாடியை ரோட்டுல உட்டா என்னாகும்? ஒரு குலுக்கல்ல எலும்பு ரெண்டும் ரெண்டு ஊருக்குப் போயிரும். எடு ரெசினை.”

லாரி முகப்புக்கு ஒட்டும் பைபர் துணியை வெட்டினார்கள். ரெசின் பசையைக் கலந்தார்கள். மணியன் பூச மறுத்ததால் தீர்த்தகிரியே குனிந்து தன் காலுக்குப் பூசிக்கொண்டார், ஒரு சுற்றுக்கு மேல் இன்னொரு சுற்று. கெட்டியாகும்போது ரெசின் சுட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலால் சுண்டிப் பார்த்தார். டங்கென்றது. அதன் மேல் துணிப்பட்டையைப் பழையபடி சுற்றியபோது வித்தியாசம் தெரியவில்லை.

“புள்ளகிட்டயோ டாக்டர்கிட்டயோ மூச்சு உட்டீன்னா பாத்துக்கோ” என்றார் ஆராயியிடம்.

அவள் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை வெயிலில் பெங்களூரிலிருந்து விமானம் கிளம்பியது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனதில் தீர்த்தகிரிக்குக் குஷி. எல்லோரையும் முந்திக்கொண்டு ஏறினார். காலை நீட்டி இருக்கையில் சாய்ந்து, “மகாராசா தோத்தான் போ” என்றார். பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்த போதெல்லாம் கையை ஆட்டி அனுப்பினார். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், இந்தக் காலோடு அந்தச் சின்ன அறைக்குள் யார் நுழைவது?

சாப்பாடு வந்தது. அவர் தொடவில்லை. ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டார்கள். வெளியே பட்டப்பகல் இருக்க, உள்ளே சுற்றியிருந்தவர்கள் தூங்க ஆரம்பித்தார்கள். அவர் தூங்கவில்லை. நெற்றியில் வியர்வை நின்றது.

“என்னங்க பண்ணுது?”

“ஒண்ணுமில்ல. நீ படத்தைப் பாரு.”

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கம்பளியை இழுத்துக் கால்விரல்களை மூடியிருந்தார். குளிருக்கு மூடுகிறவர் கழுத்துவரை மூடுவார், விரலை மட்டும் ஏன் மூடுகிறார்? ஆராயி கம்பளியைத் தூக்கினாள். விரல்கள் கொழுத்து, ஒன்றோடொன்று நெருக்கி, நாவல்பழ நிறத்தில் இருந்தன. பெருவிரலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

“தொட்டனே, தெரிஞ்சுதுங்களா?”

“எப்பத் தொட்ட?” என்றார் அவர்.

அவள் மணியை அமுக்கினாள். பணிப்பெண் வந்து பார்த்துவிட்டு முகம் மாறி ஓடினாள். விமானத்தில் டாக்டர் யாராவது உண்டா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பின்னாலிருந்து முக்காடிட்ட ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் கௌசியா, லண்டனில் டாக்டர். ஆராயி தமிழில் ஊர்ப் பேரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. “நாமக்கல்லா? எனக்கு சேலம், செவ்வாய்ப்பேட்டை. எங்க அத்தாவுக்கு அங்க மளிகை மண்டி. அய்யா, விரலை ஆட்டுங்க பார்ப்போம்.”

விரல் ஆடவில்லை. அவள் அதைப் பிடித்து லேசாக மேலே வளைத்தாள். லாரி பாடிக்கு அடியில் மாட்டினால்கூடச் சத்தம் போடாத மனிதர் அலறினார்.

“பறக்கறதுக்கு முன்னாடி கட்டைப் பிளந்துதானே விட்டாங்க?”

“பொளந்துதாம்மா உட்டாங்க” என்றார் தீர்த்தகிரி, ஆராயியை முறைத்தபடி.

கௌசியா துணிப்பட்டையை அவிழ்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது லாரி முகப்பு மாதிரி பளபளத்தது. “இது என்ன?”

“டாக்டர் போட்டதுதான். புது மாதிரி.”

கௌசியா யோசித்தாள். “உள்ள பிளவு இருக்குன்னா இது வேற. ரத்தம் உறைஞ்சிருக்கலாம். மருந்து கொடுத்து லண்டன் வரைக்கும் பாத்துக்கலாம். பிளவு இல்லாம இறுக்கிப் பிடிச்சிருக்குன்னா, லண்டன் போறதுக்குள்ள கால் செத்துப்போயிரும். அய்யா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“பொளவு இருக்குதுங்கறேன்ல!”

ஆராயி அந்த நாவல்பழ விரல்களைப் பார்த்தாள். அவர் பேச்சுக்கு மேல் நாலு பேர் முன்னால் அவள் பேசியதே கிடையாது. அவர் பார்வை அவள் மேல் ஆணி அடித்தாற்போல் இருந்தது. விமானத்தின் இரைச்சல் ஒரே சீராகக் கேட்டது. அந்தச் சீரான சத்தத்துக்குள் அவர் கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

“இல்லீங்க சாமி” என்றாள் கௌசியாவிடம். “நேத்துப் பட்டறைல வச்சு அடைச்சுட்டாருங்க. லாரிக்குப் பூசற ரெசின். ரெண்டு பக்கமும்.”

“ஏ புள்ள!”

“கத்துங்க. நல்லாக் கத்துங்க. கால் போனாலும் இந்தக் குரல் போவாதுல்ல.”

கௌசியா அதற்குள் எழுந்துவிட்டாள். முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோல் அந்தப் பைபரில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. கத்தி கிடையாது, ரம்பம் கிடையாது. அவருடைய பட்டறைச் சுவரில் கட்டிங் மிஷின்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இங்கே மேகத்துக்கு மேல், அவர் கட்டியதிலேயே உறுதியான பாடிக்குள் அவர் கால் மாட்டிக்கொண்டிருந்தது. மணியன் நல்ல வேலைக்காரன். தீர்த்தகிரி அவனைவிட நல்ல வேலைக்காரர்.

கௌசியா சொன்னதன்பேரில் விமானம் வழியை மாற்றிப் பக்கத்து ஊருக்குத் திரும்பியது. கீழே இறங்க இறங்க அவர் ஆராயியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகிக்கொண்டே போனது. இறங்கிய ஊரின் பெயர் பாகு, வழியிலிருந்த ஏதோ ஒரு நாட்டின் தலைநகரம் என்றார்கள். மூடியிருந்த ஜன்னலைத் திறந்தபோது இரும்பு நிறத்தில் ஒரு கடல் தெரிந்தது.

ரம்பத்தோடு இரண்டு பேர் ஏறினார்கள். ஐந்து பிளேடு உடைந்தது, ஆறாவது உருகியது என்று மணியன் இப்போது டீக்கடையில் சொல்கிறான். அப்படியெல்லாம் இல்லை. உடைந்தது ஒன்றுதான், இன்னொன்று புகைந்தது. பைபர் வாய் பிளந்ததும் கால் வெளியே வந்தது என்று சொல்ல முடியாது, பிதுங்கியது. கௌசியா அதைப் பார்த்துவிட்டு வாய்க்குள் ஏதோ ஓதினாள். விமானம் இவர்கள் இருவரையும் இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் சதையையும் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, தைக்காமல் திறந்தே விட்டிருந்தார்கள். அப்படித் திறந்திருந்தால்தான் ரத்தம் ஓடும் என்று சைகையில் விளக்கினார் நரைத்த மீசை டாக்டர். தீர்த்தகிரி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ரஞ்சிதாவுக்குப் பெண் குழந்தை என்று போனில் மருமகன் சொன்னார். குழந்தையின் அழுகையைக் கேட்டபோதும் அவர் சுவரைத்தான் பார்த்தார்.

ஒரு வெயில் காலையில் மீசைக்காரர் வந்து படுக்கையருகே நின்று, பெருவிரலைக் காட்டி, மேலே தூக்கு என்று கையால் காட்டினார். தூக்கினால் இந்தக் கால் நடக்கும். தூக்காவிட்டால் என்ன என்பதை அவர் சைகையில் காட்டவில்லை.

தீர்த்தகிரி கண்ணை இறுக மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. வெகுநேரம் கழித்து மூச்சை விட்டார்.

“தூக்கிட்டேன்” என்றார். “பாத்தியா ஆராயி? தூக்கினேன்ல? அவருகிட்டச் சொல்லு.”

ஆராயி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்காமல்தான் பார்த்தாள். பிறகு அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்லீங்க” என்றாள். “ஆடலீங்க.”