சாப்பாட்டு மேசையில் ஒரு பேருந்து

என் கணவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் ஒன்பது மாதங்கள் அநேகமாகப் பேசாமலே இருந்தோம். சண்டை எதுவும் இல்லை. நான் கேட்டால் பதில் சொல்வார். "சாப்டீங்களா?" என்றால் "ஆச்சி." "மருந்து?" என்றால் "போட்டாச்சி." அத்தோடு முடிந்துவிடும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் விரைவுப் பேருந்து ஓட்டியவர் அவர். இனிப்பு நீர் வியாதி இருப்பது தெரிந்தும், பெருவிரலில் வந்த புண்ணைச் சப்பாத்துக்குள் மறைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார். எனக்குத் தெரிந்தபோது பாதம் கறுத்துவிட்டது. அவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் ஏன் கவனிக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேட்காத அந்த இரண்டு கேள்விகளோடு நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் இருந்தோம்.

நான் ஒரு கட்டடக் குத்தகையாளர் அலுவலகத்தில் கணினியில் வரைபடம் வரைகிறேன். காலையில் அவருக்குப் பசியாற எடுத்து வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் மாலையில்தான் திரும்புவேன். ஒரு சனிக்கிழமை அரை நாளில் வேலை முடிந்து சீக்கிரம் வந்தேன். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை முழுவதும் அடக்கி வைத்திருந்தார். பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். யாரோ ஓட்டுநர் பேருந்தின் முன் கண்ணாடியில் கேமரா வைத்துப் பிடித்த படம். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. சாலை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

என்னைக் கண்டதும் தொலைபேசியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார். செய்யக்கூடாததைச் செய்து அகப்பட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டில் கணினியில் பேருந்து ஓட்டி விளையாடுகிறவர். "அக்கா, ஜொகூர்ல ஒருத்தரு நம்ம வடக்கு நெடுஞ்சாலைய அப்படியே கணினியில கட்டி வச்சிருக்காரு. டோல், சுரங்கம், எல்லாம் இருக்கு. என்கிட்ட பழைய ஸ்டீரிங்கு ஒண்ணு சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார். மறுநாள் பெடல்களோடு அதைக் கொண்டு வந்து கொடுத்தார்.

என்னிடம் இருந்தது அலுவலகத்தில் கழித்துக் கொடுத்த லேப்டாப். வரைபடம் வரைய அது போதும். அந்தப் பேருந்து விளையாட்டை அதனால் இழுக்க முடியவில்லை. படம் நின்று நின்று வந்தது. ஒரு மரம் இங்கே இருக்கும், அடுத்த நொடி முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இதை அவர் முன்னால் வைத்தால் இருக்கிற கொஞ்ச ஆசையும் போய்விடும் என்று மூடி வைத்துவிட்டேன்.

ஈப்போ பழைய நகரில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் என் வயதுச் சீன மாது. லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளையையும் அதன் அருகே இருந்த மின்னல் குறியையும் விரலால் காட்டினார். "புதுசு வாங்காதே. இந்தத் துளை இருக்கிறதே, கிராபிக்ஸ் கார்டை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்று மலாயில் சொன்னார். மேசைக் கணினிக்குள் போடுகிற பெரிய கார்டு அது. அதைச் செருக ஒரு பலகை, மின்சாரம் கொடுக்க ஒரு பெட்டி, லேப்டாப்போடு சேர்க்க ஒரு கம்பி. வரிசையாக என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய், ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த கார்டை மாற்றிவிட்டு, அதைவிட நல்ல பழைய கார்டு ஒன்றைக் கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் பரப்பினேன். அவர் கூடத்திலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னா இது? ஆபீஸ் வேலையா?"

"இல்ல. உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

சொன்னால் வேண்டாம் என்பார். தாளில் இருந்தபடி பலகையில் கார்டைச் செருகினேன். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. மின்பெட்டியிலிருந்து வந்த கம்பியைக் கார்டின் தலையில் மாட்டினேன். கூடத்துத் தொலைக்காட்சியைத் தூக்கி வந்து, அதன் கம்பியை லேப்டாப்பில் செருகாமல் கார்டிலேயே செருகினேன். தாளில் அதைக் கடைக்கார மாது இரண்டு தடவை கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசியாக மின்னல் துளையில் இணைத்துச் சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றும் வரவில்லை. தொலைக்காட்சி கறுப்பாகவே இருந்தது. கார்டு என்று ஒன்று இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். கம்பியைப் பார்த்தேன், என் தொலைபேசிக் கம்பி! இரண்டுக்கும் ஒரே மாதிரி வாய். வெட்கத்தோடு சரியான கம்பியைத் தேடி எடுத்து மாட்டினேன். அப்போதும் வரவில்லை. கார்டுக்கான மென்பொருளை இறக்கினேன், அழித்தேன், திரும்ப இறக்கினேன். பன்னிரண்டு மணி ஆகியும் சோறு வைக்கவில்லை. அவர் சாப்பாடு கேட்கவும் இல்லை, நகரவும் இல்லை. நாற்காலியில் சற்றுத் தள்ளி இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையாவது தடவையோ சுவிட்சைப் போட்டபோது கையைத் தூக்கினார்.

"இரு. திரும்பப் போடு."

போட்டேன்.

"கேட்டியா? அந்தக் கார்டுல உள்ள காத்தாடி ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது. பேட்டரி செத்த பஸ்ஸு இப்படித்தான் லா செய்யும். கரண்டு பத்தல."

"புதுப் பெட்டிங்க இது. நெறய கரண்டு கொடுக்கும்னு சொன்னாங்களே."

"பெட்டி கொடுக்குது. இவனுக்கு வந்து சேரல."

நாற்காலியை மேசைக்கு ஒட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். நான் நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தேன். அவர் கண்ணுக்கு நேராக இருந்தது அந்தக் கார்டு. தலையைச் சாய்த்துக் கீழிருந்து பார்த்தவர், "இது என்னா வெளிய தொங்குது?" என்றார்.

கார்டில் எட்டு ஊசிகள் உள்ள வாய் இருந்தது. பெட்டியிலிருந்து வந்த கம்பியின் முனையோ ஆறு, இரண்டு என்று பிரிந்திருந்தது. ஆறை மட்டும் மாட்டிவிட்டு, மற்ற இரண்டும் வேறு எதற்கோ என்று நினைத்து விட்டிருந்தேன். சுவிட்சை அணைக்கச் சொன்னார். பிறகு அவரே இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கட்டை விரலால் அழுத்தினார். அழுத்தியதில் அவர் விரல் நகம் வெளுத்தது.

"இப்பப் போடு."

காத்தாடி சுழன்றது. நிற்கவில்லை. தொலைக்காட்சியில் வெளிச்சம் வந்தது. நான் என்னையறியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, "சோறு வை, பசிக்குது" என்றார். ஒன்பது மாதத்தில் அவராக வாய் திறந்து பசிக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

சாப்பிட்ட பிறகு ஸ்டீரிங்கை மேசை விளிம்பில் இறுக்கினேன். பெடல்களைத் தரையில் வைத்தேன். பேருந்தின் உள்பக்கம் திரையில் வந்ததும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"பிரேக்கு சோத்துக்காலுக்கு உள்ளது" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நான் குனிந்து பெடல்களை அவருடைய இடது காலுக்கு நேராக நகர்த்தி வைத்தேன். நிமிரவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"அந்தப் புண்ணப் பத்தி ஏங்க என்கிட்ட சொல்லல?"

அவர் ஸ்டீரிங்கின் மேல் கையை வைத்தார்.

"சொன்னா வண்டிய விட்டு எறங்குன்னு சொல்லியிருப்ப" என்றார். "நீ சொன்னா நான் எறங்கித்தான் இருப்பேன். அதான் சொல்லல."

"நான் பார்த்திருக்கணும்."

"சப்பாத்த கழட்டினாத்தானே பாக்க முடியும். அது உன் தப்பில்ல லா. எந்திரி, தரை ஜில்லுன்னு இருக்கு."

நான் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். அவர் பேருந்தை எடுத்தார்.

முதலில் தடுமாறினார். பிரேக்கும் வேகத்தைக் கூட்டுகிற எண்ணெய் பெடலும் ஒரே காலுக்கு என்பதால் வண்டி குதிரை மாதிரி துள்ளியது. ஈப்போவை விட்டு வடக்கே மேடு ஏறத் தொடங்கியபோது இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் வந்தன. ஜொகூர்க்காரர் நன்றாகத்தான் கட்டியிருந்தார். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் என் கணவரின் கை தானாகப் போய் விளக்கைப் போட்டது. கோலா கங்சாரைத் தாண்டினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமான இத்தனை ஆண்டுகளில் அவர் ஓட்டிய பேருந்தில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பினாங்குக்குப் போவோம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். எனக்கு எப்போதும் ஏதாவது வேலை இருந்தது.

தைப்பிங்கை நெருங்கும்போது திரையில் மழை பிடித்தது. வேகத்தைக் குறைத்தார். தாமதம் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"லேட்டுன்னு சொல்லுதுங்க."

"சொல்லட்டும். பின்னால ஆள் ஒக்காந்திருக்கு."

பேருந்தில் பயணிகளை நிரப்ப எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இருக்கைகள் எல்லாம் காலிதான். அவர் சொன்ன ஆள் நான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அதன் பிறகு தினமும் ஒரு நடை போய் வந்தார். மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கதை தொடங்கும். புக்கிட் மேரா ஏரிப் பாலத்தில் காற்று, சுரங்கம் தாண்டி ஈப்போ இறக்கத்தில் ஒரு லோரி குறுக்கே வந்தது, கியரைக் குறைத்தே இறக்கினேன், பிரேக்கில் கால் வைக்கவே இல்லை என்பார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "அப்புறம்?" என்பேன். ஜொகூர்க்காரர் ஓர் இறக்கத்தில், பிரேக் பிடிக்காத வண்டிகள் ஏறி நிற்கிற அவசர மணல்மேட்டை வைக்க மறந்துவிட்டார் என்று அவருக்கு ஒரே கவலை. "நெசத்துல அங்க அது இருக்கு. எத்தன பேர காப்பாத்தியிருக்கு தெரியுமா?" அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து அந்த மனிதருக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் நன்றி சொல்லிப் பதில் வந்தது. மணல்மேடும் வந்தது. ஓர் இடத்தில் சற்றுத் தள்ளி வைத்துவிட்டார் என்று இவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீ ஒக்காரு" என்று தன் இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார். எனக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். பத்து நிமிடத்தில் டோல் சாவடி ஒன்றை உடைத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பு நின்ற பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ நெசமாவே லைசன்ஸ் எடு. ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் வாடகைக் காருக்காரன் என்னத் தூக்கி வைக்கிறான். எனக்குப் புடிக்கல."

அந்த ஒன்பது மாதமும் செயற்கைக் கால் பொருத்தும் பிரிவுக்கு வரமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் என்னென்னவோ நினைத்திருந்தேன்.

நாற்பத்தேழு வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். முதல் தேர்வில் மேட்டில் வண்டியைப் பின்னால் உருளவிட்டுத் தோற்றேன். இரண்டாவதில் தேறினேன். பழைய சின்னக் கார் ஒன்று வாங்கி, கண்ணாடியில் புது ஓட்டுநர் அட்டையை ஒட்டினேன்.

போன மாதம் செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் போனோம். அதை வைத்துக்கொண்டு மறுபடியும் பேருந்து ஓட்ட முடியாது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "தெரியும் டாக்டர். கடைக்கு நடந்து போனாப் போதும்" என்றார் இவர்.

திரும்பும் வழியில் சமிக்ஞை விளக்கில் நின்றோம். பச்சை விழுந்ததும் எனக்கு எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். என் கணவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, பின்னால் நிற்பவனைப் பொறுக்கும்படி காட்டினார்.

"அவன் அடிக்கட்டும். நீ மெதுவா எடு" என்றார். "நமக்கு என்ன அவசரம்?"

நான் மெதுவாக எடுத்தேன்.