கிணற்றுத் தண்ணீரில் கழுவிய ஹார்ட் டிஸ்க்

என் அண்ணனுக்கு எதையாவது கழுவாவிட்டால் கை அரிக்கும். கடலுக்குப் போய் வந்தால், போட் எஞ்சினுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாமல் வாயில் சோறு வைக்க மாட்டான். உப்புப் பட்ட எதுவும் நல்ல தண்ணீரில் பிழைத்துவிடும் என்பது அவன் வேதம். நாசமாய்ப் போன வேதம்.

போன வருடம் கடல் பொங்கித் தெருவுக்குள் வந்த அன்று நான் சிலாபத்தில் வேலையில் இருந்தேன். அம்மாவும் நானும் இருக்கும் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கம்ப்யூட்டர் பெட்டி நிலத்தில் இருந்தது. பின்னேரம் நான் வருவதற்குள், பின்வளவில் தனி வீட்டில் இருக்கும் அண்ணன் வந்து அதைக் கழற்றி, மதர்போர்ட், புரொசஸர், ராம் துண்டுகள் எல்லாவற்றையும் கழுவிக் கருவாடு காயப்போடும் பாயில் பரப்பியிருந்தான். பக்கத்தில் ஹார்ட் டிஸ்க், மூடி திறந்தபடி கிடந்தது.

"உள்ளுக்க கண்ணாடி மாதிரி ஒரு தட்டு இருந்திச்சு தங்கச்சி. அதையும் கழுவித் துடைச்சிட்டன். இனிப் பயமில்லை" என்றான், பெரிய கெட்டிக்காரன் போல.

அந்தத் தட்டில்தான் அம்மாவின் குரல் இருந்தது. தொண்டையில் ஒப்பரேஷன் செய்தால் பேச்சுப் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு, அம்மாவைக் கதைக்க விட்டு நான் பதிந்து வைத்தவை. மீன்காரனோடு பேரம் பேசுவது, என்னை ஏசுவது, நடுவில் இருமிவிட்டுச் சிரிப்பது. இப்போது அம்மா கொப்பியில் எழுதித்தான் கதைக்கிறாள். கடல் வரும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் குரலைத் தானே கேட்பாள்.

சிலாபத்தில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர் அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்ட வட்டமாகக் கீறல். ஓரத்தில் அண்ணனின் பெருவிரல் அடையாளம்.

"மற்றதெல்லாம் காஞ்சிட்டுது, வேலை செய்யும்" என்றார். "ஆனா கரண்ட் போனா ராமில ஒண்டும் நிக்காது. புரொசஸரும் வேலை செய்யிறதோட சரி. எல்லாத்தையும் வச்சிருக்கிறது இதுதான். திறக்காமக் கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம். வேற எதிலயாவது போட்டு வச்சிருக்கிறீங்களா?"

"இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே தொடங்கினேன். "உனக்கு எஞ்சினும் ஒண்டு, அம்மாட குரலும் ஒண்டு. உன்னை ஆர் தொடச் சொன்னது? உன்ட கை விளங்குமா? இனி என்ட மூஞ்சில முழிக்காத."

அவன் கீழே பார்த்தபடி நின்றான். "அம்மாட குரல் இருக்கெண்டுதானே எஞ்சினைக் கூடப் பாக்காம முதல்ல இதைக் கழுவினன்" என்றான். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. இன்னும் ஏசினேன்.

அம்மா கொப்பியை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினாள். "தன்ட போனில போட்டுத் தரச்சொல்லி அவன் உன்னட்டக் கேட்டவன்."

ஓம், கேட்டவன். கடலில் இருக்கும்போது கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுக்கு விட்ட நாள் மட்டும் வந்து தலையைக் காட்டியவனுக்குக் குரல் எதற்கு என்று நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அனுப்ப ஐந்து நிமிஷம் போயிருக்காது. அனுப்பியிருந்தால் அன்று அவனை ஏசிய வாயாலேயே அம்மாவின் குரலை அவனிடம் திரும்பக் கேட்டு வாங்கியிருப்பேன்.